7,000 ஆர்.பி.எம்.முக்குப் பிறகு: மின்வாகன மோட்டாரின் வேகம் எங்கே தீர்மானமாகிறது?

2004 டொயோட்டா பிரியஸில் இருந்த மோட்டார் 50 கிலோவாட், 400 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), அதிகபட்ச வேகம் 6,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). 2010 மாடலில் அது 60 கிலோவாட், 207 நியூட்டன் மீட்டர், 13,500 ஆர்.பி.எம். 2017இல் 53 கிலோவாட், 163 நியூட்டன் மீட்டர், 17,000 ஆர்.பி.எம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இந்த மோட்டார்களைப் பிரித்து அளந்து அறிக்கைகளாகவே வெளியிட்டிருக்கிறது. 2004க்கும் 2010க்கும் இடையில் இரும்புத் தகடு அடுக்கின் நீளம் 8.4 செ.மீ.யிலிருந்து சுமார் 5.1 செ.மீ.க்கு இறங்கியிருந்தது. பவர் கூடியது, மோட்டார் சுருங்கியது.

இதில் மாயம் ஏதுமில்லை. மோட்டாரின் உடம்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது டார்க்தான், பவர் அல்ல. பவர் என்பது டார்க்கையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே வேகத்தை இரட்டிப்பாக்கினால் அதே பவரைப் பாதி டார்க்கில் எடுக்கலாம். இரும்பு, செம்பு, நியோடிமியம் எல்லாம் குறையும். குறைந்துபோன டார்க்கைக் கியர் ஈடுகட்டும். 2010 பிரியஸில் மோட்டாருக்கென்றே 2.636 விகிதத்தில் தனிக் கியர் சேர்த்தது இதற்காகத்தான்.

ஆனால் நிரந்தரக் காந்த மோட்டாருக்கு வேகம் இயல்பாக வருவதில்லை. காந்தத்தை அணைக்க முடியாது என்பதுதான் அதன் பலமும் பலவீனமும். பேட்டரியின் நேர்திசை மின்சாரத்தை மோட்டாருக்கான மாறுதிசை மின்சாரமாக்கும் இன்வர்ட்டரின் மென்பொருளில் 'ஃபீல்டு வீக்கனிங்' (காந்தப்புலத்தை எதிர் மின்னோட்டத்தால் அடக்குவது) சேர்த்துவிட்டால் வேகம் கிடைத்துவிடும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. உண்மையில் வேகம் ரோட்டாரை, அதாவது மோட்டாரின் சுழலும் பகுதியை, வரையும்போதே முடிவாகிவிடுகிறது. மென்பொருள் அதை வெளியே எடுக்கலாம், அல்லது வீணடிக்கலாம். புதிதாக உண்டாக்க முடியாது.

ஒரு மோட்டாரைக் கையில் எடுத்துக்கொள்வோம்

கணக்கு இல்லாமல் இதைப் பேசுவது வீண். நடுத்தரக் காருக்குப் பொருந்தும் ஒரு மாதிரி மோட்டாரை வைத்துக்கொள்வோம். 8 துருவம், அதாவது 4 துருவ ஜோடி. காந்தப் பாயம் (சுருளோடு பிணையும் காந்தப்புலத்தின் அளவு) ஒரு ஃபேஸுக்கு 0.07 வெபர். காந்தத்தின் திசையிலான டி அச்சு இண்டக்டன்ஸ் (ஒரு ஆம்பியர் எவ்வளவு பாயத்தை உண்டாக்கும் என்ற அளவு) 0.2 மில்லிஹென்றி, அதற்குச் செங்குத்தான கியூ அச்சு இண்டக்டன்ஸ் 0.5 மில்லிஹென்றி. பேட்டரி 350 வோல்ட். இன்வர்ட்டர் தரக்கூடிய உச்ச மின்னோட்டம் 400 ஆம்பியர். மின்னழுத்தம், மின்னோட்டம் எல்லாமே உச்ச மதிப்புகள்; இரும்பு செறிவடைவதை (அதற்கு மேல் பாயத்தை ஏற்காமல் நிரம்பிவிடுவதை) கணக்கில் சேர்க்கவில்லை.

350 வோல்ட் பேட்டரியிலிருந்து ஸ்விட்சுகளை இயக்கும் வழக்கமான ஸ்பேஸ் வெக்டர் முறையில் ஒரு ஃபேஸுக்குக் கிடைப்பது 350ஐ 1.732ஆல் வகுத்தது, 202 வோல்ட். ரோட்டார் சுற்றும்போது சுருளில் தோன்றும் எதிர் மின்னழுத்தம், அதாவது பேக் இ.எம்.எஃப்., வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறும். 202ஐ 0.07ஆல் வகுத்தால் மின்கோண வேகம் (ரோட்டாரின் கோண வேகத்தைத் துருவ ஜோடிகளால் பெருக்கியது) வினாடிக்குச் சுமார் 2,890 ரேடியன். 4 துருவ ஜோடிக்கு அது 6,900 ஆர்.பி.எம். சுமையே இல்லாவிட்டாலும் அந்த வேகத்தில் மோட்டாரும் பேட்டரியும் சரிசமமாகிவிடுகின்றன. அதற்கு மேல் மின்னோட்டத்தை உள்ளே தள்ள வழியில்லை.

வழி ஒன்றுதான்: டி அச்சில் எதிர்த்திசை மின்னோட்டம் கொடுத்து, காந்தப் பாயத்தின் ஒரு பகுதியைச் சுருளே ரத்து செய்ய வேண்டும். 16,000 ஆர்.பி.எம்.மில் மின்கோண வேகம் வினாடிக்கு 6,700 ரேடியன். 202 வோல்ட்டுக்குள் அடங்க வேண்டுமானால் மொத்தப் பாயம் 0.030 வெபரைத் தாண்டக் கூடாது. 0.07ஐ 0.03 ஆக்க வேண்டும், மீதி 0.04ஐ 0.2 மில்லிஹென்றியால் வகுத்தால் 199 ஆம்பியர். கவனிக்க வேண்டியது, இது டார்க் எதுவும் இல்லாமல் சும்மா சுற்றுவதற்கான செலவு. சுருளின் தடை 10 மில்லிஓம் என்றால் இதற்கே சுமார் 600 வாட் வெப்பம் போகிறது. நெடுஞ்சாலையில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட்டரி இறங்கிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும் முடிவு செய்யும் ஒரு வகுத்தல்

காந்தப் பாயத்தை டி அச்சு இண்டக்டன்ஸால் வகுத்தால் வருவது அந்த மோட்டாரின் தனித்த மின்னோட்டம். நம் மோட்டாருக்கு 0.07ஐ 0.0002ஆல் வகுக்க, 350 ஆம்பியர். காந்தத்தை முழுவதுமாக ரத்து செய்ய எத்தனை ஆம்பியர் வேண்டும் என்பதே இதன் பொருள். இந்த எண்ணுக்கும் இன்வர்ட்டரின் உச்ச மின்னோட்டத்துக்கும் உள்ள உறவுதான் அதிவேகத்தில் மோட்டாரின் தலையெழுத்து.

தனித்த மின்னோட்டம் இன்வர்ட்டர் வரம்பைவிட மிக அதிகமாக இருந்தால் என்ன ஆகும்? ரோட்டாரின் மேற்பரப்பில் காந்தம் ஒட்டிய மோட்டார் ஒன்றைப் பாருங்கள்: 0.1 வெபர், 0.1 மில்லிஹென்றி, தனித்த மின்னோட்டம் 1,000 ஆம்பியர். சுமையில்லா வரம்பு 4,800 ஆர்.பி.எம். இன்வர்ட்டரின் 400 ஆம்பியரையும் டி அச்சில் கொட்டினாலும் 0.06 வெபர் மிச்சமிருக்கும், 8,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் வேகம் ஏறாது. அங்கே டார்க்குக்கு ஒரு ஆம்பியர்கூட மிச்சமில்லை. மேற்பரப்புக் காந்த மோட்டார்களைக் கார்களில் அதிகம் காணாததற்கு இதுவே முதல் காரணம். காந்தம் கழன்று பறக்கும் என்பது அடுத்த காரணம்தான்.

இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால், ஏட்டுக் கணக்கில் மின்னழுத்தம் விதிக்கும் மேல் வரம்பே இல்லை. பவர் கோடு தட்டையாகவே நீளும். நம் மாதிரி மோட்டார் அப்படிப்பட்டது. குறைந்த வேகத்தில் 400 ஆம்பியரும் கொடுத்தால் 270 நியூட்டன் மீட்டர் சொச்சம், 2,900 ஆர்.பி.எம்.மில் மின்னழுத்தம் தீர்ந்துபோகும்போது பவர் 83 கிலோவாட். 16,000இல் டி அச்சுக்கு மைனஸ் 300 ஆம்பியரும் கியூ அச்சுக்கு 57 ஆம்பியரும் கொடுத்தால் 55 நியூட்டன் மீட்டர், 91 கிலோவாட். ஐந்தரை மடங்கு வேக வீச்சில் பவர் குறையவே இல்லை.

இந்த 270 நியூட்டன் மீட்டரில் காந்தம் தருவது பாதிதான். மீதிப் பாதி, இரண்டு அச்சுகளின் இண்டக்டன்ஸ் வேறுபாட்டால் வரும் ரிலக்டன்ஸ் டார்க். அதிவேக மோட்டார் வடிவமைப்பின் போக்கே இதை நோக்கித்தான்: காந்தத்தைக் குறை, இரண்டு அச்சுகளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கூட்டு. ரோட்டாருக்குள் 'வி' வடிவில், பிறகு இரட்டை 'வி' வடிவில் காந்தங்களைப் புதைப்பதன் நோக்கம் அதுவே. காந்தம் குறைந்தால் பேக் இ.எம்.எஃப். குறையும், சும்மா சுற்றும் செலவு குறையும், விலையும் குறையும்.

காந்தத்தின் அகலம் பாயத்தை நிர்ணயிக்கிறது. தடிமன் டி அச்சு இண்டக்டன்ஸை நிர்ணயிக்கிறது. காந்தப் பாதையில் நியோடிமியம் கிட்டத்தட்டக் காற்றைப் போலவே நடந்துகொள்வதால், மெல்லிய காந்தம் என்றால் இண்டக்டன்ஸ் கூடும், தனித்த மின்னோட்டம் இறங்கும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மெல்லிய காந்தம் எதிர்ப்புலத்துக்குச் சீக்கிரம் பணிந்து, காந்தத்தன்மையை நிரந்தரமாக இழந்துவிடும். இந்தக் கயிறுமேல் நடையை எந்த மென்பொருளும் பிறகு வந்து திருத்த முடியாது.

800 வோல்ட் என்றால் வேகம் கூடுமா?

கூடாது. பேட்டரியை 400 வோல்ட்டிலிருந்து 800 வோல்ட்டாக்கி, சுருளின் சுற்றுகளையும் இரட்டிப்பாக்கினால் பாயமும் இரட்டிப்பாகும். வேக வரம்பு அதே இடத்தில்தான் நிற்கும். 800 வோல்ட்டின் லாபம் மெல்லிய கேபிளும் வேகமான சார்ஜிங்கும். சுற்றுகளை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் கூட்டினால்தான் வேகம் வரும். டொயோட்டா செய்தது அதைத்தான்: 200 வோல்ட் சொச்சம் உள்ள பேட்டரியை பூஸ்ட் கன்வர்ட்டர் வழியாக 2004இல் 500 வோல்ட்டுக்கும் 2010இல் 650 வோல்ட்டுக்கும் ஏற்றினார்கள்.

சுற்றுகளைக் குறைப்பது இதன் மறுபக்கம். ஒரு ஃபேஸுக்கு 8 சுற்று இருந்ததை 6 ஆக்கினால் வரம்பு வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதே டார்க்குக்கு மின்னோட்டமும் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதாவது பெரிய இன்வர்ட்டர் வாங்க வேண்டும். பழைய மோட்டாரைப் புதுச் சுருள் சுற்றி வேகப்படுத்தப் பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

செலவில்லாமல் கிடைப்பது ஒன்று உண்டு. இன்வர்ட்டரை அதிவேகத்தில் சதுர அலைக்கு, அதாவது சிக்ஸ் ஸ்டெப் முறைக்கு மாற்றினால் 202 வோல்ட் 223 ஆகும். 10 சதவீத லாபம். விலை: டார்க் அதிர்வும் ரோட்டாரில் கூடுதல் வெப்பமும். மறுபுறம் பேட்டரி இறங்கி 300 வோல்ட்டில் நின்றால் 91 கிலோவாட் 77 ஆகிவிடும். விளம்பரத் தாளில் போடும் உச்ச பவர் எந்த மின்னழுத்தத்தில் எடுத்தது என்று கேட்காமல் இரண்டு மோட்டார்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

இன்வர்ட்டர் திடீரென்று நின்றால்

ஃபீல்டு வீக்கனிங்கின் பயங்கரப் பக்கம் இது. 16,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது ஏதோ கோளாறால் இன்வர்ட்டர் எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்துவிட்டது என்று வையுங்கள். காந்தத்தை அடக்கிவைத்திருந்த டி அச்சு மின்னோட்டம் போய்விட்டது. இப்போது வயர்களுக்கு இடையில் தோன்றும் உச்ச மின்னழுத்தம் 813 வோல்ட். எதிரே இருப்பதோ 350 வோல்ட் பேட்டரி. ஸ்விட்சுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் டயோடுகள் தாமாகவே ரெக்டிஃபையராக மாறி பேட்டரிக்குள் மின்னோட்டத்தைக் கொட்டும், வண்டிக்கு எதிர்பாராத பிரேக் விழும். அதே நேரத்தில் பேட்டரியின் காண்டாக்டரும் (இணைப்பைத் துண்டிக்கும் பெரிய ஸ்விட்ச்) திறந்துவிட்டால் அந்த ஆற்றலுக்குப் போக்கிடமே இல்லை. மின்னழுத்தம் ஏறி, 650 வோல்ட்டுக்கு வடிவமைத்த ஐ.ஜி.பி.டி. ஸ்விட்சுகளும் கெபாசிட்டரும் ஒன்றாகப் போகும்.

இதற்கான மருந்து, மேல் மூன்று அல்லது கீழ் மூன்று ஸ்விட்சுகளை ஒரே நேரத்தில் மூடி மோட்டாரை ஷார்ட் செய்வது. அப்போது சுருளில் நிலையாக ஓடுவது அந்தத் தனித்த மின்னோட்டம், 350 ஆம்பியர். இன்வர்ட்டர் வரம்புக்குள் அது இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதிவேகத்தில் ஷார்ட் செய்த மோட்டாரின் பிரேக் டார்க் மிகக் குறைவு என்பது இன்னொரு நல்ல செய்தி.

ஆனால் ஷார்ட் செய்யும் அந்தக் கணத்தில் மின்னோட்டம் நிலையான மதிப்பைத் தாண்டித் துள்ளும். எவ்வளவு துள்ளும் என்பது அந்தக் கணத்தில் சுருளில் இருந்த பாயத்தைப் பொறுத்தது. 16,000இல் பாயம் 0.03 வெபர்தான், துள்ளல் அதிகபட்சம் 500 ஆம்பியர். 2,900 ஆர்.பி.எம்.மில் முழு டார்க்கில் இருக்கும்போது பாயம் 0.165 வெபர், அங்கே ஷார்ட் செய்தால் ஏட்டுக் கணக்கு 1,175 ஆம்பியர் என்கிறது. தடையும் செறிவும் இதைக் கொஞ்சம் மாற்றும், ஆனாலும் சூடான காந்தத்தைக் கெடுக்க அது தாராளம். ஆக, ஆபத்து பலரும் நினைக்கும் இடத்தில் இல்லை. விதி எளிது: எதிர் மின்னழுத்தம் பேட்டரியைவிடக் குறைவாக இருக்கும் வேகங்களில், நம் மோட்டாருக்கு 6,900க்குக் கீழே, ஸ்விட்சுகளை அணைத்துவிடுவதே பாதுகாப்பு, அதற்கு மேல் ஷார்ட். பேட்டரி மின்னழுத்தம் மாறும்போது இந்த எல்லையும் நகரும் என்பதை மென்பொருள் கவனிக்க வேண்டும். ஸ்விட்சுகளை இயக்கும் கேட் டிரைவருக்கு வரும் 12 வோல்ட் மின்சாரம் போய்விட்டாலும் ஷார்ட் நீடிக்க வேண்டும். அதனால்தான் பேட்டரியின் பெரிய மின்னழுத்தத்திலிருந்தே அதற்குத் தனி மின்வழங்கி வைக்கிறார்கள்.

ரோட்டாருக்குள் ஐந்து டன்

இயந்திரப் பக்கம் வருவோம். புதைத்த காந்தத்தை வெளியே பறக்காமல் பிடித்திருப்பது ரோட்டார் தகட்டில் விட்டுவைத்த மெல்லிய இரும்புப் பாலங்கள். பட்டறைகளில் பிரிட்ஜ் என்பார்கள். ஒரு துருவத்தின் காந்தங்களும் அதற்கு மேலுள்ள இரும்பும் சேர்ந்து 250 கிராம், ஆரம் 72 மில்லிமீட்டர் என்றால் 16,000 ஆர்.பி.எம்.மில் மையவிலக்கு விசை 50 கிலோ நியூட்டன். ஐந்து டன் எடை, கால் கிலோ பொருளிலிருந்து.

ரோட்டார் நீளம் 100 மில்லிமீட்டர். ஓரத்தில் தலா 1 மில்லிமீட்டர் பாலம் இரண்டு, நடுவில் 1.5 மில்லிமீட்டர் தூண் ஒன்று. மொத்தக் குறுக்குப்பரப்பு 350 சதுர மில்லிமீட்டர். சராசரி தகைவு (பரப்பின் மீதான விசை) 144 மெகாபாஸ்கல். பாலத்தின் மூலையில் தகைவு குவியும், 2.2 மடங்கு என்று வைத்தால் 317. சாதாரண மின்தகடு 400 மெகாபாஸ்கல் வாக்கில் நிரந்தரமாக நெளியத் தொடங்கும்; இதுவரை சரி. ஆனால் 20 சதவீதக் கூடுதல் வேகச் சோதனையில் விசை 1.44 மடங்கு, மூலையில் 457. தேறாது.

பாலத்தை அகலமாக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் மின்சாரமும் இயந்திரமும் முட்டிக்கொள்கின்றன. அந்தப் பாலம் காந்தத்தின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் ஷார்ட் சர்க்யூட். 2 டெஸ்லாவில் செறிவடையும் வரை பாயத்தைக் குடித்துவிடும். 3.5 மில்லிமீட்டர் பாலம் 2 டெஸ்லாவில் எடுத்துக்கொள்வது, 40 மில்லிமீட்டர் அகலமுள்ள காந்தம் 0.85 டெஸ்லாவில் தருவதில் ஐந்தில் ஒரு பங்கு. பாலத்தை இரட்டிப்பாக்கினால் ஐந்தில் இரண்டு பங்குக் காந்தம் பாலத்துக்கே போய்விடும்.

நடைமுறையில் மூன்று வழிகளைக் கலந்து கையாள்கிறார்கள். முதலில் மூலை ஆரம்: கூர்மையான மூலையைப் பெரிய வளைவாக்கினாலே குவிப்பு வெகுவாகக் குறையும், செலவில்லாத திருத்தம், முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். அடுத்து, விசையை ஓரப் பாலங்களிலிருந்து நடுத்தூணுக்கு மாற்றுவது. தூணில் விசை நேராக இழுக்கும், ஓரப் பாலத்தில் வளைக்கும், வளைப்பதைவிட இழுப்பதை இரும்பு நன்றாகத் தாங்கும். மூன்றாவது, அதிக வலிமையுள்ள மின்தகடு. இதில் வலிமை ஏற ஏற இரும்பிழப்பும் (இரும்பில் வெப்பமாகப் போகும் ஆற்றல்) ஏறும். ரோட்டாருக்கு ஒரு தகடு, சுழலாத வெளிப்பகுதியான ஸ்டேட்டருக்கு வேறு தகடு என்று பிரித்தால் இரண்டும் கிடைக்கும். ஆனால் ஒரே தகட்டிலிருந்து நடுவட்டத்தை ரோட்டாருக்கும் வெளிவட்டத்தை ஸ்டேட்டருக்கும் குத்தியெடுக்கும் சிக்கனம் போய்விடும்.

2021இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் பிளெயிட் வேறு பாதையில் போனது: ரோட்டாரைச் சுற்றிலும் கார்பன் இழை உறை. உறையே இறுக்கிப் பிடிப்பதால் பாலங்கள் மெலியலாம். ஆனால் கார்பன் இழை சூட்டில் கிட்டத்தட்ட விரிவதே இல்லை, இரும்பு விரியும்; குளிரிலும் சூட்டிலும் இறுக்கம் போதுமானதாக இருக்கும்படி, இழையை இழுத்துப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும். உறையின் தடிமன் அப்படியே காற்றிடைவெளியில் சேரும். ரோட்டார் சூடு வெளியேற விடாத போர்வையாகவும் அது ஆகிவிடும். மலிவான காருக்கு இது இப்போதைக்கு ஒத்துவராது என்பது என் கணிப்பு.

1,067 ஹெர்ட்ஸில் இரும்பும் செம்பும்

8 துருவ மோட்டார் 16,000இல் சுற்றும்போது சுருளின் அதிர்வெண் 1,067 ஹெர்ட்ஸ். வீட்டு மின்சாரம் 50. இரும்பில் சுழல் மின்னோட்ட இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்தோடும் தகட்டுத் தடிமனின் வர்க்கத்தோடும் ஏறும். 0.35 மில்லிமீட்டர் தகட்டிலிருந்து 0.25க்குப் போனால் அந்தப் பங்கு பாதியாகும், 0.20க்குப் போனால் மூன்றில் ஒன்றாகும். 100 மில்லிமீட்டர் உயரத்துக்கு 286 தகடு போதுமாக இருந்தது 500 ஆகும். குத்தும் அச்சு சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய அச்சு தகட்டின் ஓரத்தில் பிசிர் விடும், பிசிர் பக்கத்துத் தகட்டைத் தொடும், மெல்லிய தகடு வாங்கிய பயன் அங்கேயே போய்விடும். தகடுகளைப் பொத்தான்போல் ஒன்றோடொன்று அழுத்திப் பூட்டுவதும் அதே மாதிரி ஷார்ட் புள்ளிகளை உண்டாக்கும். பசை போட்டு ஒட்டுவது மேல்.

ஃபீல்டு வீக்கனிங்கில் மொத்தப் பாயம் பாதிக்கும் கீழே இறங்குகிறதே, இரும்பிழப்பும் இறங்குமே என்று எதிர்பார்ப்பவர்களுக்கு டெஸ்ட் பெஞ்சில் ஏமாற்றம் காத்திருக்கிறது. இறங்குவது அடிப்படை அலை மட்டும். காந்தமும் சுருளும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும்போது ஸ்டேட்டர் பற்களின் நுனியில் மேல் அலைகள் பெருகுகின்றன. அவற்றின் அதிர்வெண் பல மடங்கு. ரோட்டார் மேற்பரப்பில் சிறு பள்ளங்கள், காந்தக் குழியின் முனையை வளைத்து நீட்டுவது போன்ற சின்னச் சின்ன வடிவ மாற்றங்கள் இங்கே தரும் லாபம், தகட்டை மாற்றுவதற்கு இணையாகவே இருக்கும்.

துருவங்களைக் குறைப்பதும் ஒரு வழி. டெஸ்லா மாடல் 3இன் பின் மோட்டார் 6 துருவம். அதே வேகத்தில் அதிர்வெண் நான்கில் ஒரு பங்கு குறையும். பதிலுக்கு ஸ்டேட்டரின் வெளிவளையம் தடிக்கும், சுருளின் தலைப்பகுதி நீளும்.

செம்புக்கு வருவோம். ஹேர்பின் எனப்படும் தட்டைச் செம்புக் கம்பி, ஸ்டேட்டரில் சுருள் உட்காரும் பள்ளமான ஸ்லாட்டை நன்றாக நிரப்பும். குறைந்த வேகத்தில் அதற்கு ஈடில்லை. அதிவேகத்தில்தான் சிக்கல். 120 டிகிரி சூட்டில், 1,067 ஹெர்ட்ஸில், மின்னோட்டம் செம்பில் ஊடுருவும் ஆழம் 2.4 மில்லிமீட்டர். ஸ்லாட்டில் மொத்தம் 12 மில்லிமீட்டர் செம்பு உயரம் என்று வைப்போம். 3 மில்லிமீட்டர் கம்பி நான்கு அடுக்கானால் மாறுதிசைத் தடை, நேர்திசைத் தடையைப்போலச் சுமார் 5 மடங்கு. 1.5 மில்லிமீட்டர் கம்பி எட்டு அடுக்கானால் சுமார் 2 மடங்கு. அடுக்குகளை இரட்டித்தால் கூடுதல் இழப்பு நான்கில் ஒன்றாகும் என்பது பொது விதி. எல்லாக் கம்பிக்கும் பாதிப்பு சமம் அல்ல. ஸ்லாட் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கம்பிதான் வெந்துபோகும். வெப்ப உணரியைச் சுருளின் தலையில் வைத்து, எல்லாம் நலம் என்று நம்பிக்கொண்டிருக்கும்போது வார்னிஷ் கருகுவது அந்த உள் கம்பியில். அடுக்கு கூடினால் வெல்டிங் புள்ளியும் கூடும், காப்பு உறை ஸ்லாட்டில் அதிக இடம் தின்னும்; நகரத்துக்குள் ஓடும் காருக்கு நான்கு அடுக்கே போதும் என்பதும் நியாயமான முடிவுதான்.

காந்தத்தின் சூட்டை நேரில் அளக்க வழி குறைவு. நியோடிமியத்தின் பாயம் ஒரு டிகிரிக்கு 0.11 சதவீதம் வாக்கில் இறங்கும்; எதிர்ப்புலத்தைத் தாங்கும் சக்தி அதைவிட ஐந்து மடங்கு வேகமாக இறங்கும். காந்தமும் மின்கடத்தியாக இருப்பதால் அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டம் ஓடிச் சூடாக்கும். நீளவாக்கில் ஐந்தாறு துண்டாக வெட்டி, இடையில் காப்புப் பூசி ஒட்டினால் அது பெருமளவு அடங்கும். டிஸ்ப்ரோசியம், டெர்பியம் சேர்த்துச் சூட்டைத் தாங்கவைப்பது பழைய வழி. 2025 ஏப்ரலில் சீனா இவற்றின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கிய பிறகு, சேர்ப்பதைவிட, ஷாஃப்ட்டுக்குள் எண்ணெய் ஓட்டி ரோட்டாரைக் குளிரவைப்பதே மேல். அந்த எண்ணெய் காற்றிடைவெளிக்குள் கசிந்தால் மட்டும் வழுவழுப்பு இழுவையாக மாறிவிடும்.

கட்டுப்பாடு தடுமாறும் இடங்கள்

10 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் செய்யும் இன்வர்ட்டருக்கு 1,067 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சிக்குக் கிடைப்பது சுமார் 9.4 துடிப்பு. மின்னோட்டத்தை அளந்து, கணக்கிட்டு, மின்னழுத்தமாக வெளியே தள்ள ஒன்றரைத் துடிப்பு நேரம், 150 மைக்ரோவினாடி. அதற்குள் ரோட்டார் மின்கோணத்தில் 58 டிகிரி நகர்ந்திருக்கும். கோணத்தை முன்கூட்டியே தள்ளி வைக்காவிட்டால் டி அச்சு என்று நினைத்துக் கொடுப்பது பாதிக்கு மேல் கியூ அச்சில் விழும். சிலிக்கான் கார்பைடு இன்வர்ட்டரில் 20 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் இது பாதியாகும்.

ரோட்டாரின் கோணத்தை அளக்கும் உணரியான ரிசால்வரின் பிழை இதைவிட நயவஞ்சகமானது. மின்கோணத்தில் 2 டிகிரி பிழை இருந்தால், சும்மா சுற்றும்போது கொடுக்கும் 199 ஆம்பியரில் 7 ஆம்பியர் கியூ அச்சுக்குத் திரும்பும். டார்க் 5.4 நியூட்டன் மீட்டர், சின்ன எண். 16,000 ஆர்.பி.எம்.மில் அது 9 கிலோவாட். டிரைவர் காலை எடுத்த பிறகும் வண்டி தானாகத் தள்ளும், அல்லது தானாகப் பிடிக்கும். 8 துருவ மோட்டாரில் 2 மின்டிகிரி என்பது ஷாஃப்ட்டில் அரை டிகிரிதான்.

கண்டுபிடிக்க எளிய வழி: கியூ அச்சைப் பூஜ்யமாக்கி, டி அச்சில் மைனஸ் 100 ஆம்பியர் கொடுத்து, மோட்டாரை இரண்டு திசையிலும் சுற்றவிட்டு வேகம் இறங்கும் நேரத்தைப் பாருங்கள். ஒரு திசையில் சீக்கிரமும் மறு திசையில் மெதுவாகவும் இறங்கினால் ரிசால்வர் பொருத்திய கோணம் பிசகு. இரண்டு திசையிலும் ஒரே மாதிரி, வேகம் கூடக் கூடப் பிழையும் கூடினால் அது தாமதக் கணக்கின் பிசகு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றைத் திருத்த இன்னொன்றை நகர்த்துபவர்கள், ஒரு வேகத்தில் சரிசெய்து மற்ற எல்லா வேகத்திலும் கெடுத்து வைப்பார்கள்.

மின்னழுத்தம் தீர்ந்த நிலையில் டி, கியூ இரண்டு கட்டுப்பாட்டுச் சுற்றுகளும் ஒரே மின்னழுத்தத்துக்குச் சண்டை போடும். முதல் உரிமை டி அச்சுக்கு; மிச்சம்தான் கியூவுக்கு. இதைத் தலைகீழாக வைத்தால், பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் இன்டெக்ரேட்டர் நிரம்பி வழிந்து, காந்தம் அடங்காமல், ஓவர்கரண்ட் டிரிப்பில் முடியும். மின்னழுத்தத்தை அளந்து டி அச்சு மின்னோட்டத்தைத் தானாகக் கூட்டும் சுற்று வைத்திருந்தால் அதற்குக் கட்டாயம் ஒரு கீழ் வரம்பு வேண்டும். தனித்த மின்னோட்டத்தைத் தாண்டினால் பாயம் எதிர்த்திசையில் வளரத் தொடங்கும். மின்னழுத்தம் குறைவதற்குப் பதில் ஏறும். சுற்று இன்னும் கூட்டும், இன்னும் ஏறும். அந்த வரம்பும் சூட்டோடு நகரும்: 20 டிகிரியில் 350 ஆம்பியராக இருந்தது, காந்தம் 140 டிகிரி ஆகும்போது 304 ஆம்பியர்தான். குளிர்ந்த மோட்டாரில் எடுத்த அட்டவணையை அப்படியே போட்டு, கோடையில் மட்டும் டிரிப் ஆகிறது என்று புலம்புவதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

பெஞ்சில் ஏற்றும் முன்னும் பின்னும்

ரோட்டார் பேலன்ஸ் ஐ.எஸ்.ஓ. 21940இன் ஜி 2.5 தரத்துக்கு என்றால், 16,000இல் 12 கிலோ ரோட்டாருக்கு அனுமதி 18 கிராம் மில்லிமீட்டர். விளிம்பில் கால் கிராம் பசை ஒரு பக்கம் அதிகமாக வழிந்திருந்தாலே கணக்கு தீர்ந்துவிடும். பேரிங்குக்கு 40 மில்லிமீட்டர் உள்விட்டத்தை 16,000ஆல் பெருக்கினால் 6,40,000. கிரீஸ் பேரிங் என்றால் கேட்லாக்கைக் கவனமாகப் படிக்க வேண்டிய எல்லை. செராமிக் குண்டு போட்டால் வேகமும் தாங்கும், இன்வர்ட்டரிலிருந்து ஷாஃப்ட் வழியாக வரும் மின்னோட்டம் பேரிங்கை அரிப்பதும் நிற்கும்.

கூடுதல் வேகச் சோதனைக்கு ஐ.இ.சி. 60034-1 சொல்வது 1.2 மடங்கு வேகம், 2 நிமிடம். அதற்கு முன்பு ரோட்டாரின் வெளிவிட்டத்தைத் துருவத்தின் நடுவிலும் துருவங்களுக்கு இடையிலும் தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில், குறிப்பிட்ட ஒரு சூட்டில், பேக் இ.எம்.எஃப்.பையும். சோதனை முடிந்து பழைய சூட்டுக்கு வந்த பிறகு இரண்டையும் மறுபடி எடுக்கவும். துருவத்தின் நடுவில் மட்டும் விட்டம் கூடியிருந்தால் பாலம் நெளிந்துவிட்டது. அடுத்த முறை அறுந்துபோகும், அந்த ரோட்டாரை ஒதுக்கிவிடலாம். விட்டம் மாறாமல் பேக் இ.எம்.எஃப். மட்டும் இறங்கியிருந்தால் சோதனையின்போது காந்தத்தின் ஏதோ ஒரு மூலை சூட்டிலோ எதிர்ப்புலத்திலோ செத்திருக்கிறது. அப்போது ரோட்டாரை வெளியே எடுத்து, எட்டுத் துருவங்களின் மேற்பரப்புக் காந்தப்புலத்தையும் காஸ் மீட்டரால் அளந்து ஒப்பிட்டால், எல்லாத் துருவமும் சமமாக இறங்கியதா, ஒரே ஒரு துருவமா என்று தெரியும். சமமாக இறங்கியிருந்தால் ஷார்ட் செய்த கணத்து மின்னோட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும்; ஒன்று மட்டும் என்றால் அந்தக் குழியில் காந்தத் துண்டு உடைந்திருக்கிறதா என்று ரோட்டாரைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.